எலவனாசூர்கோட்டை வட்டார உணவு வழக்கில் அயற்பண்டங்கள்: பெயரும் ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

அயல் நிலங்களிலிருந்து வந்த உணவுப் பொருள்களும் அயலிலிருந்து வந்து குடியேறிய மக்களின் சமையல் முறைகளும் தமிழரின் அன்றாட வாழ்வை வளப்படுத்தியுள்ளன. இவ்வளம் எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே வகையான ஏற்பைப் பெற்றுத் தரவில்லை. மிளகாய், மரவள்ளி போன்றவை தமிழ்ப் பெயர் பெற்று அயன்மை மறக்கப்பட்டுவிட, பிரியாணி போன்றவை பல தலைமுறைகளுக்குப் பின்னும் ஒரு சாராரின் உணவாகவே சுட்டப்படுகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டை வட்டாரத்தையும் அதன் மேற்கே அமைந்த கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு, இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை உணவுப் பெயர்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. பண்டம் மட்டும் தனியே வரும்போது பெயர் மாறுகிறது. சமைப்பவரோடு வரும்போது பெயர் தங்குகிறது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எலவனாசூர்கோட்டை, நடுநாடு, கல்வராயன் மலை, மரவள்ளி, மல்லாட்டை, நோன்புக் கஞ்சி, உணவுப் பெயர்கள், புலம்பெயர்வு.

முன்னுரை

நடுநாட்டு வீடொன்றின் ஒரு நாள் உணவை எடுத்துக்கொள்வோம். காலையில் மல்லாட்டைச் சட்னி. நண்பகலில் மிளகாய் அரைத்து ஊற்றிய புளிக்குழம்பும் தக்காளி இரசமும். மாலையில் உப்பிட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு. இவற்றை உண்பவர் எவரும் தாம் அயல்நாட்டு உணவை உண்பதாக எண்ணுவதில்லை. ஆயினும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை, மிளகாய், தக்காளி, மரவள்ளி ஆகிய நான்குமே அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுக் கடற்பயணத்திற்கு முன் இவற்றுள் ஒன்றையும் தமிழர் சமையலில் பயன்படுத்தியிருக்க இயலாது.

இதே வட்டாரத்தில் பிரியாணியும் பல தலைமுறைகளாகச் சமைக்கப்பட்டு வருகிறது. திருமண விருந்துகளிலும் ஞாயிற்றுக்கிழமை நண்பகல்களிலும் எல்லாச் சமூகத்தாரும் விரும்பி உண்ணும் உணவு அது. எனினும் ‘பாய் வீட்டுப் பிரியாணி’ என்னும் தொடர் இன்றும் வழக்கில் உள்ளது. ‘போர்த்துக்கீசியர் வீட்டு மிளகாய்’ என்று சொல்வார் எவருமில்லை.

இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. இரண்டும் விரும்பி உண்ணப்படுபவை. அவ்வாறாயின் ஒன்று தன் பிறப்பிடத்தை இழந்து வீட்டுப் பொருளாகவும், மற்றொன்று தன்னைச் சமைத்தவரின் அடையாளத்தோடும் நிற்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘வந்தேறி’ என்னும் சொல் மனிதரை நோக்கி எளிதில் வீசப்படும் காலத்தில், இவ்வினா சமையலறைக்குள் மட்டும் அடங்குவதன்று.

1. வழியில் அமைந்த ஊர்

எலவனாசூர்கோட்டை உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரை இறையானரையூர் என்று குறிக்கின்றன. ஊரிலுள்ள அர்த்தநாரீசுவரர் கோயில் அக்கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது. ஊர்ப்பெயரின் பின்னொட்டாக உள்ள ‘கோட்டை’ பிற்கால அரசியல் வரலாற்றை நினைவூட்டுவது. 18ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களைப் பற்றிய எழுத்துகளில் இவ்வூரின் கோட்டை இடம்பெறுகிறது. 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயற்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இவ்வூர் இன்று உள்ளது.

கிழக்குக் கடற்கரைச் சமவெளியையும் மேற்கு மலைகளையும் இணைக்கும் வழியில் இருப்பதால் வணிகரும் படையினரும் குடிபெயர்ந்தோரும் இவ்வட்டாரத்தைக் கடந்து சென்றனர், சிலர் தங்கினர். அருகிலுள்ள உளுந்தூர்பேட்டைச் சிவன் கோயிலின் தலக்கதை இவ்வகையில் கருதத்தக்கது. மிளகு மூட்டைகளோடு வந்த வணிகன் ஒருவன், மூட்டையில் இருப்பது உளுந்து என்று பொய் சொன்னான். இறைவன் அம்மிளகை உளுந்தாகவே மாற்றிவிட்டார் என்பது கதை. தொன்மமே ஆயினும், மிளகுப் பொதி இவ்வழியே சென்ற நினைவையும், அதன் விலைமதிப்பை மறைக்கவேண்டிய தேவை வணிகனுக்கு இருந்ததையும் அது காட்டுகிறது.

புலம்பெயர்வு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று என்பதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றார். இருவரும் ஏற்க மறுத்தனர். இச்செய்தியைப் புறநானூற்றால் அறிகிறோம். கபிலர் பாரி மகளை மலையனிடம் அடைக்கலமாகக் கொடுத்துத் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குள் அடங்கும் திருக்கோவலூர், நாடிழந்து வந்தோரை ஏற்ற இடமாக இவ்வாறு நினைவிற்கொள்ளப்பட்டது. மறுத்தவர் இருவர், ஏற்றவர் ஒருவர் என்னும் இக்கணக்கு, வந்தவர்க்கு ஏற்பு எளிதில் வாய்ப்பதன்று என்பதையும் உணர்த்துகிறது.

2. கறியிலிருந்து மிளகாய் வரை

பழந்தமிழர் உணவின் காரம் மிளகினால் ஆனது. சங்க இலக்கியத்தில் மிளகைக் குறிக்கும் சொற்களுள் ‘கறி’ என்பதும் ஒன்று. பொன்னொடு வந்த யவனர் மரக்கலங்கள் மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய பாடல் தெரிவிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் திருவமுதுக்குரிய பொருள்களாக அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, சர்க்கரை, வாழைப்பழம் முதலியவற்றைக் குறிப்பிடுகின்றன. இப்பட்டியலில் மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கடற்கரையை அடைந்த மிளகாய், விரைவில் நாடெங்கும் பரவியது. இதற்குப் பொருளியற் காரணம் தெளிவானது. மிளகுக்கொடி மழை மிகுந்த மலைச்சாரலையும் நிழலையும் வேண்டுவது. மிளகாய்ச் செடியோ சமவெளியின் வெயிலில், வீட்டுக் கொல்லையிலும் விளையும். விலைகொடுத்து வாங்கவேண்டிய காரம், கொல்லையில் பறிக்கும் காரமாயிற்று. எளிய உழவர் வீட்டின் கூழுக்கும் களிக்கும் துணையாகக் காரச் சுவை நாள்தோறும் கிடைத்தது இதன் பயனாகும். அயற்பண்டம் அன்றாட வாழ்வை வளப்படுத்தியமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. இன்று உலகில் மிகுதியான வற்றல் மிளகாயை விளைவிக்கும் நாடு இந்தியாவே.

பெயரிடும் முறை இங்கு நோக்கத்தக்கது. வந்த பண்டத்தின் வேற்றுமொழிப் பெயரைத் தமிழ் ஏற்கவில்லை. தனக்கு முன்பே தெரிந்த மிளகோடு ஒப்பிட்டு, ‘மிளகு போன்ற காய்’ என்னும் பொருளில் ‘மிளகாய்’ என்றது. இப்பெயர் பண்டத்தின் தோற்றத்தைவிட அதன் பணியையே சுட்டுகிறது. மிளகு செய்த வேலையைச் செய்வது என்பதே அதன் பொருள். சமையலறையில் ஏற்கனவே இருந்த ஓர் இடத்தில் அது அமர்த்தப்பட்டதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆயினும் மறதி முழுமையானதன்று. பல கோயில்களின் மடைப்பள்ளியிலும், மரபு வழுவாது நடத்தப்படும் சிராத்தச் சமையலிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியன விலக்கப்படுகின்றன. காரத்திற்கு மிளகே சேர்க்கப்படுகிறது. வாழைக்காய், பாகல், சேனை போன்ற நாட்டுக் காய்களே இடம்பெறுகின்றன. விலக்குவோர் தாவர வரலாற்றைப் படித்து விலக்குவதில்லை. முன்னோர் உண்ணாததை முன்னோர்க்குப் படைக்கலாகாது என்னும் வழக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சமையலறை ஒன்றை இன்றளவும் காத்து வைத்துள்ளது. நாள்தோறும் வாழ்வோர்க்கு ஒரு சமையல், மறைந்தோர்க்கு ஒரு சமையல் என்னும் இவ்விரட்டை வழக்கு, அயற்பண்ட வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு வாழும் ஆவணமாகும்.

3. பெயரிடும் முறைகள்

மிளகாயைப் போன்றே பிற பண்டங்களின் பெயர்களையும் தொகுத்து நோக்கின், மூன்று முறைகள் புலப்படுகின்றன.

முதலாவது, ஒப்புமைப் பெயர். மிளகாய், மரவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியன இவ்வகையின. தக்காளி என்பது இம்மண்ணில் முன்பே இருந்த சிறுகனிச் செடியின் பெயர். மணத்தக்காளி என்னும் சொல்லில் அப்பழைய பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. அமெரிக்காவிலிருந்து வந்த கனி, உருவ ஒப்புமையால் அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. இன்று தக்காளி என்றால் வந்த கனியே பொருள். இருந்த கனிக்கு அடைமொழி தேவைப்படுகிறது.

இரண்டாவது, வந்த வழியைக் காட்டும் பெயர். நடுநாட்டார் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்பர். ‘மணிலாக்கொட்டை’ என்பதன் மருவிய வடிவம் இது. பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரத்தின் பெயர், எலவனாசூர்கோட்டை உழவரின் நாவில் உருண்டு தேய்ந்து, தன் ஊரையே மறந்துவிட்டது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் நிலக்கடலைச் சாகுபடி பெருகியது. எண்ணெய் ஆலைகளின் தேவைக்காகப் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சிற்கு அது ஏற்றுமதியாயிற்று. தென் அமெரிக்காவில் தோன்றி, மணிலாவின் பெயரைச் சுமந்து, நடுநாட்டில் விளைந்து, பிரான்சிற்குச் சென்ற பண்டம் ‘மல்லாட்டை’ என்னும் ஒரு வட்டாரச் சொல்லுக்குள் ஒடுங்கியுள்ளது. கண்மணி குணசேகரன் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ வழியே தொகுத்தளித்த வட்டார வழக்குகளின் அருமை இத்தகைய சொற்களால் விளங்கும்.

மூன்றாவது, பண்டம் தன் பெயரோடே வந்து தங்குவது. பிரியாணி, தால்சா, பரோட்டா, அண்மைக்காலத்துப் பானிபூரி ஆகியன இவ்வகையின.

இம்மூன்றையும் ஒப்பிடுகையில் ஓர் ஒழுங்கு தோன்றுகிறது. முதலிரு வகையில் அடங்குபவை பெரிதும் விளைபொருள்கள். அவை விதையாகவும் கிழங்காகவும் குச்சியாகவும் வந்தவை. அவற்றைக் கொண்டுவந்தவர் துறைமுகத்தோடு நின்றுவிட்டார். உள்நாட்டுச் சந்தைக்கு வந்து சேர்ந்தது பொருள் மட்டுமே. எவ்வாறு சமைப்பது என்று சொல்லித்தர உடன் எவரும் வராததால், இங்குள்ள சமையலறை அதனைத் தன் முறைப்படி சமைத்தது. தன் முறைப்படியே பெயரிட்டது. மூன்றாம் வகையினவோ சமைத்த உணவுகள். அவை சமைக்கத் தெரிந்தவரோடு வந்தன. உணவின் பெயர், சமைத்தவரின் நாவிலிருந்தே அயலார் செவிக்குச் சென்றது. எனவே பெயரும் தங்கியது. பெயரோடு சமைத்தவரின் அடையாளமும் தங்கியது.

இவ்வொழுங்கிற்கு விலக்குகளும் உண்டு. தேயிலை விளைபொருளாயினும் அதன் முதற்கூறு சீனச் சொல்லோடு தொடர்புடையது. சப்பாத்தி சமைத்த உணவாயினும் இன்று அடையாளச் சுட்டு இன்றி வீடுகளில் இடம்பெற்றுவிட்டது. எனவே இதனை விதி என்பதினும் போக்கு என்பதே பொருந்தும். ஆயினும் அப்போக்கு, முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு விடை தருவதாய் அமைகிறது.

4. பிரியாணியும் நோன்புக் கஞ்சியும்

நடுநாட்டு இசுலாமியர் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே இடத்திலிருந்து வந்தவர் அல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இசுலாமியருள் பெரும்பாலோர் இம்மண்ணின் மக்களே. வந்தது சமயமேயன்றி மக்கள் அல்லர். உருது பேசுவோரின் வரலாறு வேறு. இவ்வட்டாரத்திற்கு வடக்கேயுள்ள செஞ்சிக் கோட்டை 1649இல் பீசப்பூர்ச் சுல்தானின் படையிடமும், 1677இல் சிவாசியிடமும், 1698இல் முகலாயரிடமும் வீழ்ந்தது. அதன்பின் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி தொடர்ந்தது. இக்காலத்தில் தக்காணத்திலிருந்து படைவீரரும் அலுவலரும் கைவினைஞரும் அவர்தம் குடும்பத்தாரும் தென்னார்க்காட்டுப் பகுதிகளில் குடியேறினர். தக்கினி எனப்படும் தென்னக உருதும் அதனோடு ஒட்டிய சமையலும் அவர்களோடு வந்தன.

பிரியாணி என்னும் சொல் பாரசீக வேருடையது. ஆயினும் தமிழகத்துப் பிரியாணி பாரசீகத்திலோ தில்லியிலோ உள்ளவாறே இங்கு நிற்கவில்லை. நீண்ட அரிசிக்கு மாற்றாகப் பல ஊர்களில் சீரகச் சம்பா இடம்பெற்றது. உடன் வைக்கும் கத்தரிக்காய்த் தொடுகறியில் புளி சேர்ந்தது. தால்சாவில் பருப்பும் எலும்புக்கறியும் புளிப்பும் காய்களும் கலந்து, உள்ளூர்ப் பருப்புக் குழம்பிற்கு உறவாயின. பெயர் மாறாவிடினும் பண்டம் மாறியது. மிளகாயில் பண்டம் மாறாது பெயர் மாறியதற்கு இது நேர்மாறானது. இவ்விரண்டும் ஏற்பின் இரு வடிவங்களே. ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, மற்றொன்று நாவிற்கு மட்டுமே தெரிகிறது.

இவ்விரண்டிலும் அடங்காத உணவு நோன்புக் கஞ்சி. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் இக்கஞ்சி உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, பட்டை, கிராம்பு, தேங்காய்ப்பால் ஆகியவற்றால் ஆவது. சில இடங்களில் கொத்துக்கறியும் சேரும். நோன்பு துறப்பதற்கு முன்பான பிற்பகலில் தூக்குவாளிகளோடு சிறார் பள்ளிவாசல் வாயிலில் வரிசையில் நிற்பதையும், அவ்வரிசையில் பிற சமயத்துச் சிறாரும் நிற்பதையும் தமிழக ஊர்கள் பலவற்றில் காணலாம். இக்கட்டுரையாளரின் இளமையில், அண்டை வீட்டு அத்தம்மா அனுப்பிய கஞ்சி வீட்டுத் திண்ணையில் ஆறிக்கொண்டிருந்ததும், வாளியை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது என்று அம்மா அதில் முருங்கைக்கீரையை வைத்து அனுப்பியதும் நினைவில் உள்ளன. தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கென அரிசி வழங்கி வருவது, இவ்வுணவின் பொது மதிப்பைக் காட்டுகிறது.

‘நோன்பு’, ‘கஞ்சி’ ஆகிய இரண்டும் தமிழ்ச் சொற்கள். நோன்பு, சமண பௌத்தக் காலந்தொட்டு எல்லாச் சமயத்தாரும் ஆண்ட சொல். தொழுகை, பள்ளிவாசல் என்பனவும் அவ்வாறே தமிழ் கொண்டு அமைந்தவை. ஒப்பீட்டிற்கு ஐதராபாத்தின் ரமலான் உணவான அலீமை நோக்கலாம். கோதுமையும் இறைச்சியும் கொண்ட அவ்வுணவு, அரபுலகச் சமையலோடு உறவுடையது, பெயரும் அவ்வழியதே. தமிழகத்து நோன்பாளியின் வயிற்றுக்கோ, கழனி உழவரின் காலை உணவாகிய கஞ்சியே பொருந்தியது. எனவே நோன்புக் கஞ்சியை வந்து சேர்ந்த உணவு என்பதற்கு இடமில்லை. தமிழ் மண்ணில், தமிழ் பேசும் மக்கள், தம் சமயக் கடமையின் பொருட்டு ஆக்கிக்கொண்ட தமிழ் உணவு அது. சமயத்தை மட்டும் நோக்கி ஒரு மக்கட்கூட்டத்தை அயலார் எனக் கருதும் பார்வையை, இக்கஞ்சியின் பெயரே மறுத்து நிற்கிறது.

5. மலைக்குச் சென்ற மக்களும் மலைக்கு வந்த கிழங்கும்

எலவனாசூர்கோட்டையிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் உள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். ‘மலையை ஆள்வோர்’ என்பதே அவர்தம் பெயரின் பொருளாகக் கொள்ளப்படுகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பதும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார் வழியில் வெவ்வேறு மலைகளில் பரவினர் என்பதும் அவர்களது வாய்மொழி மரபு. எட்கர் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இம்மரபு பதிவாகியுள்ளது. மலையின் மூத்த குடிகள் எனச் சமவெளியார் கருதும் மக்கள், தம்மையே புலம்பெயர்ந்து வந்தவராக நினைவுகூர்கின்றனர். வந்தவர் யார், இருந்தவர் யார் என்னும் பாகுபாடு, எவ்விடத்தில் நின்று எக்காலத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

மலைக்குச் சென்றவர் மலைக்கேற்ற உணவைக் கைக்கொண்டனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியன அவர்தம் பயிர்கள்; சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அவர்தம் உணவு. மழையை மட்டும் நம்பிய சரிவு நிலத்தில், அதிக இடுபொருள் வேண்டாது விளைந்து, நெடுநாள் கெடாது குதிரில் கிடந்து, பஞ்ச காலத்தில் உயிர்காத்தவை இத்தானியங்கள்.

இம்மலைக்கு வந்து சேர்ந்த அயற்பண்டம் மரவள்ளி. ‘வள்ளி’ என்பது தமிழில் மிகப் பழைய சொல். பறம்பு மலையில் உழவர் உழாது விளைவன நான்கு என்று கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடலில் மூங்கில் நெல், பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கும் இடம்பெறுகிறது. கொடியில் விளையும் அவ்வள்ளியிலிருந்து வேறுபடுத்த, மரம்போல் நிமிர்ந்து வளரும் செடியின் கிழங்கை ‘மரவள்ளி’ என்றனர். குச்சியை நட்டு வளர்ப்பதால் சேலம், நாமக்கல் பகுதிகளில் ‘குச்சிக்கிழங்கு’ என்றும், குமரி மாவட்டத்தில் ‘மரச்சீனி’ என்றும் அது வழங்குகிறது. தென் அமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கு போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளத்தை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார்.

சேலம் வட்டாரத்தில் இதன் வரலாற்றைத் திருப்பியது இரண்டாம் உலகப் போர். ‘ஜவ்வரிசி’ என்னும் சொல்லின் முற்கூறு, மலாய் மொழியில் ஒருவகைப் பனையைக் குறிக்கும் ‘சாகு’ என்பதோடு தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. அப்பனையின் மாவிலிருந்து செய்யப்பட்ட மணிகளே முதலில் அப்பெயர் பெற்றன. போரினால் தென்கிழக்காசியாவிலிருந்து இறக்குமதி தடைப்படவே, 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றி வளர்ந்தது. பனை கிழங்காக மாறியது, பெயர் மாறவில்லை. 1981இல் ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் நிறுவப்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் விளையும் மரவள்ளி இவ்வாலைகளுக்குச் செல்கிறது.

அங்கிருந்து ஜவ்வரிசி பெருமளவில் மகாராட்டிரம் முதலிய மாநிலங்களுக்குச் செல்கிறது. தானியம் உண்ணலாகாத விரத நாள்களில் அங்குள்ளோர் ஜவ்வரிசிக் கிச்சடி உண்கின்றனர். சிராத்தச் சமையலில் அமெரிக்கக் காய்களைத் தமிழகம் விலக்க, அமெரிக்கக் கிழங்கின் மணிகளை மகாராட்டிரம் விரதத்திற்குரிய தூய உணவாக ஏற்றுக்கொண்டுள்ளது. பிறப்பிடம் ஒரு பண்டத்தின் தூய்மையை முடிவு செய்வதில்லை. அப்பண்டத்திற்குச் சமூகம் அளிக்கும் இடமே முடிவு செய்கிறது என்பது இதனால் தெளிவாகும்.

எனினும் மரவள்ளியின் வரவை வளமென்று மட்டும் கூறி முடித்துவிட இயலாது. பணப்பயிராக அது மலைச் சரிவுகளில் பரவியபோது சாமையும் தினையும் விளைந்த நிலம் சுருங்கியது. சாமையை உண்பதற்கு உமி நீக்கவேண்டும். அவ்வேலை பெண்களின் உலக்கையைச் சார்ந்திருந்தது. மரவள்ளி அவ்வுழைப்பிலிருந்து விடுதலை தந்து, கையில் பணமும் தந்தது. நியாயவிலைக் கடை அரிசி சாமைச் சோற்றின் இடத்தை நிரப்பியது. அதே வேளையில், உணவை விளைவித்தவர் உணவை வாங்குபவராயினர். அவர்தம் ஆண்டு வருவாய் ஆலைகள் தரும் விலையைச் சார்ந்ததாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நகரங்களில் சாமை உடல்நல உணவாக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. மலையிலிருந்து இறங்கிய சாமை நகரத்தில் விருந்தாளியாக வரவேற்கப்படுகையில், மலையின் அடுப்பில் அது அரிதாகி வருகிறது.

மிளகாய் மிளகின் வேலையைப் பகிர்ந்துகொண்டதேயன்றி மிளகை அழிக்கவில்லை. இரசத்தில் மிளகு இன்றும் உள்ளது. மரவள்ளியோ தட்டில் சாமையோடு சேரவில்லை. நிலத்தில் அதன் இடத்தைப் பிடித்தது. வளப்படுத்தும் வரவு எது, வறுமைப்படுத்தும் வரவு எது என்பதை அறிய, அடுப்பையும் நிலத்தையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

6. ஏற்பின் எல்லை

உணவை ஏற்பது உணவுக்குரியவரை ஏற்பதாகிவிடுமா என்பது இறுதியாக எழும் வினா. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் நடைபெறவிருந்த பிரியாணித் திருவிழா, மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமளிக்கப்படாதது குறித்த சர்ச்சைக்கிடையே ஒத்திவைக்கப்பட்டது. ஊரின் பெயரையே தாங்கிப் புகழ்பெற்ற உணவிலும், எவருடைய உணவு பொதுவில் வைக்கத்தக்கது என்னும் கேள்வி நீங்கவில்லை. பிரியாணியை விரும்பி உண்போருள் அதனைச் சமைப்பவர்க்கு வாடகைக்கு வீடு தரத் தயங்குவோரும் உள்ளனர். அண்மைக்காலத்தில் வட மாநிலங்களிலிருந்து வந்து கட்டுமானத்திலும் உணவகங்களிலும் உழைப்போரின் நிலையும் இத்தகையதே. அவர்கள் விற்கும் பானிபூரிக்கு மாலையில் கூட்டம் சேர்கிறது; அவர்களைப் பற்றிய பேச்சில் ‘வடக்கன்’ என்னும் இகழ்ச்சியும் சேர்கிறது.

இந்நிலையை முன்கூறிய கருதுகோள் விளக்குகிறது. பண்டத்தை ஏற்பது எளிது. அது பேசுவதில்லை, இடம் கேட்பதில்லை, பெயர் மாற்றினாலும் மறுப்பதில்லை. மனிதரோடு வரும் உணவு அவ்வாறன்று. அது தன்னைச் சமைத்தவரின் மொழியையும் சமயத்தையும் உரிமையையும் உடன்கொண்டு நிற்கிறது. மிளகாயை ஏற்றதற்காகப் பெருமைகொள்ளும் சமூகம், தன் விருந்தோம்பலை அளந்துகொள்ளவேண்டிய கோல் மிளகாய் அன்று. பிரியாணியும் பானிபூரியுமே அக்கோல்கள்.

முடிவுரை

எலவனாசூர்கோட்டை வட்டார உணவு வழக்கை ஆராய்ந்ததன்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அயல் விளைபொருள்கள் தமிழ்ச் சமையலில் முன்பே இருந்த ஓர் இடத்தில் அமர்ந்து, அவ்விடத்தின் பெயரையே பெற்றன. மிளகாய், மரவள்ளி, தக்காளி என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. மல்லாட்டை என்பது வந்த வழியின் பெயரும் காலப்போக்கில் மண்ணின் சொல்லாகிவிடும் என்பதைக் காட்டுகிறது.

சமைப்பவரோடு வந்த உணவுகள் தம் பெயரைத் தக்கவைத்தன. ஆயினும் சுவையிலும் சேர்மானத்திலும் இம்மண்ணுக்கேற்ப மாறின. நோன்புக் கஞ்சியோ வந்த உணவன்று. இங்கேயே பிறந்த உணவு. அதன் பெயர், அதனை உண்போரின் மண்ணுரிமைக்கும் சான்றாகிறது.

அயற்பண்டத்தின் வரவு எப்போதும் வளமாகவே அமைவதில்லை. கல்வராயன் மலையில் சாமையின் இடத்தை மரவள்ளி கொண்டமை, வளத்தோடு இழப்பையும் சேர்த்து எண்ணவேண்டியதன் தேவையை உணர்த்துகிறது. அம்மலையின் சிறுதானிய வகைகளையும் அவற்றைச் சமைக்கும் முறைகளையும் குறிக்கும் சொற்கள், அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே தொகுக்கப்படவேண்டும்.

திருக்கோவலூரில் அடைக்கலம் புகுந்த பாரி மகள் தன்னோடு எவ்வுணவைக் கொண்டுவந்தாள் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அவளை ஏற்றவன் பெயரையே கூறுகிறது. வந்த பண்டங்களின் பட்டியலைவிட, வந்தவரை ஏற்ற செயலே நிலைத்த நினைவாகக் கல்லில் நின்றது. இம்மாவட்டத்தின் உணவு வரலாறு எழுதப்படுகையில் இவ்விரண்டும் சேர்ந்தே எழுதப்படுதல் தகும்.